எடுத்த எடத்தக்கா

அவர் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பதென்றால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். பயம் தண்ணீருக்கு அல்ல, டம்ளருக்கு. குடித்து முடித்ததும் அதைக் கழுவி, அடுப்படிப் பலகையில் இடது பக்கமிருந்து மூன்றாவதாகக் கவிழ்க்க வேண்டும். மறந்துபோய் நான்காவதாகக் கவிழ்த்துவிட்டால், நாம் படி இறங்குவதற்குள் உள்ளேயிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். டம்ளர் தன் இடத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அந்த 'டக்' போதும், மானம் போய்விடும்.

பண்டாரவளைக்கும் ஹப்புத்தளைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். அவர் அங்கே கொழுந்து எடுக்கும் பெண்களுக்குக் கங்காணி. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது. அதை இங்கே எழுதினால் யாராவது அவரிடம் வாசித்துக் காட்டுவார்கள், பிறகு என் பாடு திண்டாட்டம். தோட்டம் அவருக்கு வைத்த பெயர் 'எடுத்த எடத்தக்கா'. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அவர் வாயில் வருகிற சொல் அதுதான்.

"எடுத்த எடத்துல வைங்க."

ஒருமுறை பதுளை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போக பஸ் ஏறியிருக்கிறார். சீனி வியாதிக்காக மாதம் ஒரு தடவை போகிற கிளினிக். பஸ் எல்ல தாண்டி தெமோதரைக்கு வந்தபோது கொண்டையைத் தொட்டுப் பார்த்தால் அதில் ஒரு பென்சில். முதல் நாள் மலையில் வேலையைக் கணக்கெடுக்கிற வெளிக்கள ஐயாவிடம் வாங்கிச் செருகியது. நீங்களோ நானோ என்றால் சாயங்காலம் கொடுத்துக்கொள்ளலாம் என்று இருப்போம். அவர் அங்கேயே இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டார். கிளினிக் போயே போச்சு.

"ஏங்க்கா, ஒரு பென்சிலுக்காகவா?" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"அந்திக்குக் கொழுந்து நிறுக்கையில அய்யா பேரு எழுதணும்ல தம்பி. தேடுவாருல்ல."

"அவருகிட்ட வேற பென்சில் இருக்காதாக்கா?"

"இருக்கும். ஆனா அது இதில்லையே."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பதுளையில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவன் நான். ஒரு நாளைக்கு இருநூறு பிள்ளைகளைச் சமாளிக்கிற எனக்கு, இந்த ஒரு மனுஷியைச் சமாளிக்க முடிந்ததில்லை.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது. அப்பா இறந்தபோது நடந்ததை நான் மறக்கவில்லை. எங்கள் வீட்டில் அன்றைக்கு எந்தப் பொருளும் அதன் இடத்தில் இல்லை. கட்டிலைத் தூக்கி வெளியே போட்டிருந்தார்கள். சாமான்களை ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். மூன்றாம் நாள் எல்லோரும் போன பிறகு அக்கா வந்தார். கடன் வாங்கிய நாற்காலிகளை அந்தந்த வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தார். கட்டிலை என் தம்பியும் நானும் அவரும் பிடித்து உள்ளே போட்டோம். கடைசியில் அப்பாவின் செருப்பை எங்கிருந்தோ தேடி எடுத்து, வாசல்படிக்கு வலது பக்கம், அவர் வழக்கமாகக் கழற்றிப் போடுகிற இடத்தில், சோடியாக வைத்துவிட்டுப் போனார். அம்மா அதைப் பார்த்துத்தான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதார். அது ஆறுதலா கொடுமையா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. செருப்பு அங்கேயே ஒரு வருடம் கிடந்தது.

இப்போது கோல்ப் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எங்கள் தோட்டத்தை ஒட்டி வெள்ளைக்காரத் துரைமார் காலத்து கோல்ப் மைதானம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் புல், ஒரு பக்கம் தேயிலை. துரைமார் அடிக்கிற பந்து பாதி நாள் தேயிலைக்குள்தான் வந்து விழும். கொழுந்து எடுக்கிற பெண்கள் அதை எடுத்து, சேலையில் துடைத்து, வேலியோரம் வந்து இரண்டு கையாலும் நீட்டுவார்கள். துரை தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லுவார். பரம்பரை பரம்பரையாக எங்கள் மலையில் இருந்துவந்த மரியாதை இது. தவறு என்று யாருக்கும் தெரியாது.

என் தம்பி அந்த மைதானத்தில்தான் வளர்ந்தான். முதலில் ஆட்டக்காரர்களுக்குப் பை தூக்கினான். பிறகு உடைந்த மட்டையை ஒட்டி வைத்து அடித்துப் பழகினான். இருபத்து நாலு வயதில் தொழில்முறை ஆட்டக்காரனாகிவிட்டான். தோட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அது என்ன வேலை என்றே விளங்கவில்லை. "பந்தடிக்கிறதுக்குச் சம்பளமா?" என்பார்கள். அந்த வருடம் எங்கள் மைதானத்திலேயே பெரிய பந்தயம் ஒன்றை வைத்தார்கள். பல நாட்டு ஆட்டக்காரர்கள், நாலு நாள் ஆட்டம். இரண்டாம் நாள் முடிவில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மிச்சம் நிற்கிறவர்களுக்குத்தான் அடுத்த வருடம் வெளிநாட்டுப் பந்தயங்களுக்கு இடம். தம்பிக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். இரண்டாம் நாளைத் தாண்ட வேண்டும்.

கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள மார்ஷல் என்று தொண்டர்கள் தேவைப்பட்டார்கள். ஆட்டக்காரர் அடிக்கும்போது இரண்டு கையையும் தூக்கி எல்லோரையும் வாயை மூட வைக்க வேண்டும். யாரும் குறுக்கே போகாமல் பார்க்க வேண்டும். பந்து எங்கே விழுகிறது என்று கண்ணை எடுக்காமல் பார்த்து, அதன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். சம்பளம் கிடையாது. ஒரு தொப்பி, ஒரு டீசேர்ட், பகலுக்குச் சோற்றுப் பார்சல். தோட்டத்து ஆட்களைச் சேர்த்து, விதிகளைத் தமிழில் சொல்லிக் கொடுக்கிற பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். முதல் ஆளாகப் பேர் கொடுத்தவர் அக்கா.

"சின்னதம்பி ஆடுறாரு. நான் வீட்டுல குந்தியிருப்பேனா?"

என்னைப் பெரியதம்பி என்பார், அவனைச் சின்னதம்பி. அவன் தவழ்ந்ததே அவர் வீட்டு வாசலில்தான்.

பாடசாலை மண்டபத்தில் எல்லோரையும் உட்கார வைத்து விதிகளை விளக்கினேன். மைதானத்தின் ஓரத்தில் வெள்ளைக் கட்டைகள் நட்டிருக்கும். பந்து அதைத் தாண்டிப் போனால் அது செத்த பந்து. ஆட்டக்காரர் தண்டம் வாங்கிக்கொண்டு, பழைய இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். பந்து எங்கே கிடந்தாலும் மார்ஷல் அதைத் தொடவே கூடாது. இதை மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் அக்கா தலையாட்டினார்.

முதல் நாள் பார்க்க வேண்டுமே! சேலைக்கு மேலேயே டீசேர்ட்டை மாட்டி, கொண்டைக்கு மேலே தொப்பியை வைத்து, அக்கா கையைத் தூக்கினார் என்றால் லயத்துப் பெண்கள் கப்சிப். கல்யாண வீட்டில் தாலி கட்டும்போதுகூட வாயை மூடாதவர்கள். பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா ஒருவர், 'அமைதி' என்று எழுதிய பலகையைத் தூக்கிக்கொண்டு எங்களோடு மார்ஷலாக நின்றார். அவர் அசந்துபோனார்.

"சேர், இந்த ராத்தாவ எனக்குக் கடைக்குத் தாங்க. பெருநாள் கூட்டத்தை இவங்க ஒராளே பார்த்துக்குவாங்க."

சாயங்காலம் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினார் அக்கா. அது உங்களுக்குத்தான், வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. எடுத்தது அந்த மேசையிலிருந்துதானே.

இரண்டாம் நாள் காலையிலேயே தூறல். நான் குடை கொண்டுவரவில்லை. அக்கா வீட்டுக்குள் போய், கதவோரம் ஆணியில் தொங்கிய கறுப்புக் குடையை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். மரப் பிடி போட்ட நீளக் குடை.

"எனக்குப் படங்கு போதும். வேல முடிஞ்சதும் ஆணியில மாட்டிருங்க தம்பி," என்றார். மலையில் மழைக்குப் போட்டுக்கொள்கிற பொலித்தீன் விரிப்பைத்தான் படங்கு என்போம்.

பகலுக்குப் பிறகு மூடுபனி இறங்கியது. காலையில் தெரிந்த நமுனுகுல மலையைக் காணவில்லை. தம்பி அருமையாக ஆடிக்கொண்டிருந்தான். இன்னும் மூன்று குழிகள்தான் மிச்சம். அக்காவும் நானும் நின்றது தேயிலையோரமாகப் போகிற பாதையில், பந்து வந்து விழுகிற இடத்தில். தூரத்தில் தம்பி அடித்த சத்தம் கேட்டது. பந்து வலது பக்கம் திரும்பித் தேயிலைப் பக்கமாகப் போனது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அப்புறம் பனி.

அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. விறுவிறுவென்று போனார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்குள் செடிக்குள் குனிந்தார், நிமிர்ந்தார். பந்தைச் சேலையில் துடைத்தபடியே, எதிரே நடந்துவந்த தம்பியிடம் போய் இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தாங்க சின்னதம்பி."

ஐயோ! கூட்டம் மொத்தமும் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. தம்பி கையை நீட்டவில்லை. அப்படியே நின்றான். அக்கா முதலில் அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. பிறகு தன் கையில் இருந்த பந்தைப் பார்த்தார்.

"கை தானாப் போயிருச்சு தம்பி," என்றார் மெதுவாக. "முப்பது வருசமா போன கை."

நடுவர் வந்தார். வெளிநாட்டுக்காரர். தமிழ் சுட்டுப்போட்டாலும் வராது. பிறத்தியார் தெரியாமல் எடுத்துவிட்டால் பரவாயில்லை, பந்து கிடந்த அதே இடத்தில் வைத்து விளையாடலாம் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அந்த இடம் வெள்ளைக் கட்டைக்கு உள்ளேயா வெளியேயா என்பதுதான் கேள்வி. பார்த்தவர் ஒரே ஆள். தம்பியை அங்கேயே நிறுத்திவிட்டு, அக்காவையும் என்னையும் நடுவர் தேயிலையோரம் கூட்டிப்போனார். பந்து எங்கே கிடந்தது என்று இவரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அந்த நேரத்தில் அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். நான் குடையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன்.

"பந்து எங்க கெடந்துச்சுன்னு கேக்குறாருக்கா. கட்டைக்கு இந்தப் பக்கம்னு கையக் காட்டிருங்க."

சொல்லிவிட்டேன். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. டம்ளரை நான்காவது இடத்தில் கவிழ்த்தவனைப் பார்க்கிற பார்வை. பந்தோடு நேராக நடந்தார். வெள்ளைக் கட்டைகளைத் தாண்டினார். ஒரு செடியின் தூரில் குந்தினார். இரண்டு வேருக்கு நடுவில், ஈரப் பாசியில் சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தில் பந்தை வைத்தார். விரலால் கொஞ்சம் திருப்பிக்கூட வைத்தார்.

நடுவர் கட்டைக்குக் கட்டை கயிறு பிடித்துப் பார்த்தார். பந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் வெளியே.

மொழிபெயர்க்க எனக்கு எதுவுமே இருக்கவில்லை.

முடிவைச் சொன்னதும் தம்பி "சரிங்கக்கா" என்று மட்டும் சொன்னான். திரும்பி, வந்த வழியே நடந்து போய் மறுபடி அடித்தான். அன்று சாயங்காலம் பட்டியல் போட்டபோது, ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் அவன் வெளியே போயிருந்தான்.

தோட்டம் அக்காவைச் சும்மா விடுமா? தண்ணீர் பிடிக்கிற பீலியில், கோயிலில், மலையில் எல்லா இடத்திலும் அதே பேச்சு. "ஒரு சாண் தள்ளி வச்சிருந்தா கை என்ன வெந்தா போயிருக்கும்?" என்று அவர் காது படவே கேட்டார்கள். "நம்ம புள்ளைய நாமளே கவுத்துட்டோமே" என்று சிலர் அழவே செய்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகத் திட்டியது நான்தான். என்ன மனுஷி இவள், இவளுக்கு ஈவிரக்கமே கிடையாதா என்று அம்மாவிடம் கத்தினேன். கத்தக் கத்த எனக்குள் ஒரு பயம். அக்கா திருப்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும், 'உங்க வாத்தியார் என்ன சொன்னார் தெரியுமா' என்று ஒரே ஒரு வரி. தோட்டம் என் மேல் பாய்ந்திருக்கும். பதுளையில் பிள்ளைகளுக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்பேன்?

அவர் சொல்லவில்லை. யார் எவ்வளவு ஏசியும் சொல்லவில்லை.

அந்தக் குடை என்னோடு பதுளைக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அந்த வாரம் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. அம்மாவைப் பதுளைக்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். தோட்டத்துக்குப் போகிற வேலையும் இல்லாமல் போனது. குடையை அலுமாரிக்குப் பின்னால் நிறுத்தினேன். ஒவ்வொரு மழைக்கும் அது அங்கே இருப்பது ஞாபகம் வரும், நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் போவேன். இப்படியே ஏழு வருடம். தம்பி தெற்கே ஒரு ஹோட்டல் மைதானத்தில் வருகிற ஆட்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான். என்றாலும் டீவியில் வெளிநாட்டுப் பந்தயம் வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

போன மாதம் எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. எங்கள் மைதானத்தில் மறுபடி பந்தயம் வைக்கிறார்களாம். மார்ஷல்களுக்கு விதிகளைத் தமிழில் எழுதித் தர வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். 'பந்தைத் தொடக் கூடாது' என்று முதல் வரி எழுதினேன். இரண்டாவது வரி வரவே இல்லை. பேனையை மூடி வைத்துவிட்டு, அலுமாரிக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்துத் தூசு தட்டினேன்.

அக்கா இளைத்திருந்தார். வேலையிலிருந்து நின்று இரண்டு வருடம் ஆகிவிட்டதாம். "வாங்க பெரியதம்பி," என்று, நேற்றுத்தான் போய்விட்டு வந்தவனைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார். பால் விடாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். அம்மாவை விசாரித்தார். கையிலிருந்த குடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குத்தான் தாங்கவில்லை.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னது ஒங்களுக்குக் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு."

"ஊரே ஒங்கள ஏசுச்சு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா. ஏன் சொல்லல?"

அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அது ஒங்க பேச்சாச்சே தம்பி. நீங்க எடுத்தது. நீங்கதான் கொண்டுபோயி வைக்கணும். நான் எப்படி வைக்கிறது?"

நான் அழுதேன். இந்த வயதில், ஒரு கையில் பிளேன்டீயும் ஒரு கையில் குடையுமாக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அழுது முடித்ததும் அவர் டம்ளரை வாங்கிக் கழுவப் போனார். நான் எழுந்து கதவோரம் பார்த்தேன். அந்த ஆணி வெறுமையாக இருந்தது. கதவுக்குப் பின்னால், தரையில், சுவரில் சாய்த்தபடி ஒரு நீலக் குடை நின்றது.

"வேற குடை வாங்கிட்டீங்களாக்கா?"

"மழ பெய்யுதே, வாங்காம?"

"அப்ப அத இதுல மாட்டலையா?"

"அது அந்தக் குடையோட ஆணி," என்றார் அடுப்படியிலிருந்து.

கறுப்புக் குடையை ஆணியில் மாட்டினேன். உள்ளே டம்ளர் 'டக்' என்று தன் இடத்துக்குப் போனது.

கோயிலைத் தாண்டுகிற திருப்பத்தில் போனுக்கு 'சிக்னல்' கிடைக்கும். அங்கே நின்று தம்பிக்கு அடித்தேன். எங்கேயிருந்து பேசுகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

"டேய், அன்னைக்குக் கட்டைக்கு இந்தப் பக்கம்னு பொய் சொல்லச் சொல்லி அக்காகிட்ட கேட்டது நான்தான்டா. அந்த மனுஷி ஏழு வருசமா யார்கிட்டயும் சொல்லல."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"நான் தீவாளிக்குத் தீவாளி அக்காவைப் போய்ப் பார்த்துட்டுத்தான்ணே இருக்கேன்," என்றான் தம்பி. "ஒவ்வொரு தடவையும் அந்த ஆணி சும்மா கெடக்கும். ஏன்க்கான்னு கேட்டா, பெரியதம்பி குடையக் கொண்டுவருவாரும்பாங்க. வேற ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

பிறகு கேட்டான்.

"குடைய மாட்டிட்டீங்களாண்ணே?"

"மாட்டிட்டேன்டா."

"அப்ப சரி," என்றான்.